இறங்க விடாதே

அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை வந்தது. வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து. புதுப்பித்த உள்ளரங்கத்துக்குக் கோச்சின் பெயரைச் சூட்டுகிறார்கள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. பேசுகிறவர்கள் பட்டியலில் இரண்டாவதாக அவன் பெயர் இருந்தது. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் பக்கத்திலேயே ‘பூட்டு’ என்றும் போட்டிருந்தார்கள்.

பூட்டு கோச்சின் பாஸ்கெட்பால் அணிக்குப் பதினோரு வருடம் ஆடியவன். ஆடினான் என்பதைவிட, அடுத்தவனை ஆடவிடாமல் பார்த்துக்கொண்டான் என்று சொல்வதுதான் பொருத்தம். எதிரணியில் எவன் கெட்டிக்காரனோ அவனை இவன் தலையில் கட்டிவிடுவார்கள். பிறகு நாற்பது நிமிடமும் அவனுக்கு இவன்தான் நிழல், இவன்தான் சுவர், இவன்தான் தலைவலி. கூடையில் போடுகிறவன் படம் பேப்பரில் வரும். தடுத்தவன் முழங்கையும் முதுகும் அந்தப் படத்தின் ஓரத்தில் வரும். அப்படி ஓரத்தில் வந்த முழங்கைகளை வெட்டி ஒட்டியே அவன் மனைவி ஒரு நோட்டு வைத்திருந்தாள். “பூட்டு நல்ல பூட்டுதான், ஆனா சாவி கோச் பாக்கெட்ல இருக்கு” என்று அந்தக் காலத்தில் அரங்கத்தில் கேலி பேசுவார்கள். அவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது நாற்பத்தொன்பது வயது. டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் கற்றுக்கொடுக்கிறான். அழைப்பிதழைப் பிரித்தபோது காரில்தான் இருந்தான். ஸ்டியரிங்கில் ஒரு நர்ஸம்மா, ஏழாவது நாள் பாடம். சிக்னல் சிவப்பில் நின்றபோது படிக்க ஆரம்பித்தவன், மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டான்: ‘ஒரே ஒரு ஆட்டத்தில்கூட வஞ்சகம் கலக்காமல் அணியை நடத்திச் சென்ற பெருந்தகை.’

“சார், பச்சை விழுந்துடுச்சு. போகவா?”

“போங்கம்மா, அதுக்கு எதுக்கு என்னக் கேக்குறீங்க?”

“போலாம் சார். நீங்க உங்க பக்கத்து பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

குனிந்து பார்த்தான். கால் பிரேக்கில் ஆணி அறைந்தாற்போல் இருந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

அந்த வரிக்கு ஏன் அப்படி ஆனான் என்று தெரிய, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய இறுதிப் போட்டிக்குப் போகவேண்டும்.

எதிரணியில் ஒருவன் இருந்தான். இடக்கை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இடது கையால் அவன் பந்தை விட்டால் அது காற்றில் சாவகாசமாகப் போய், கூடைக்குள் சத்தமில்லாமல் விழும். அந்த வருடம் தேசிய அணிக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று பேச்சு. இறுதிப் போட்டியில் மூன்றாம் பகுதி முடிவதற்குள் முப்பத்தொரு புள்ளி போட்டுவிட்டான், அதுவும் பூட்டின் தலைக்கு மேலேயே. கோச் டைம் அவுட் கேட்டார். ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். பூட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு கோச் சொன்னார்: “அவன இறங்க விடாத.”

சில நிமிடம் கழித்து இடக்கை வலது மூலையிலிருந்து எழும்பினான். பந்து கையை விட்டுப் போன பிறகு, அவன் இறங்குகிற இடத்தில் பூட்டின் பாதம் இருந்தது. இடக்கை அந்தப் பாதத்தின் மேல் இறங்கினான். கணுக்கால் மடங்கிய சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. ரெஃபரி சாதாரண ஃபவுல் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு புள்ளி வித்தியாசத்தில் இவர்கள் கோப்பையை வாங்கினார்கள். இடக்கை அதன் பிறகு கோர்ட்டில் இறங்கவேயில்லை. தற்செயலாக நடந்தது என்று பூட்டு சொன்னான், எல்லாரும் நம்பினார்கள். மனைவியும் நம்பினாள்.

அவனுக்கு மட்டும் தெரியும், பாதத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது அவன்தான் என்று. வைக்கச் சொன்னது யார் என்பதும் அவனுக்குத் தெரியும். இந்த இருபத்திரண்டு வருடமும் அவனைச் சோறு தின்னவும் சிரிக்கவும் விட்டது அந்த இரண்டாவது விஷயம்தான். சொன்னதைச் செய்தேன். அவ்வளவுதான்.

செவ்வாய் மாலையே கேப்டன் போன் செய்தான். அணியில் அன்று கேப்டனாக இருந்தவன், இன்று கிளப் செயலாளர்.

“கார்டு வந்துச்சாடா? அஞ்சே நிமிஷம் பேசு, போதும். அந்த மூணாவது பக்கத்துல இருக்குற மாதிரி நாலு வார்த்தை. இன்னொரு சங்கதி, கார்டுல போடல, உனக்கு மட்டும் சொல்றேன். போர்டு மேல திரைய விலக்கப்போறது யாரு தெரியுமா? இடக்கை! ஒத்துக்கிட்டான்டா. எதிரணிக்காரன் கையால திறந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு.”

பூட்டு யோசித்துப் பார்த்தான்.

மறுநாள் மதியம், இரண்டு பாடங்களுக்கு நடுவில், இடக்கையின் கடையைத் தேடிப் போனான். மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின். இடக்கை ஒரு ஃபிரேமைக் கையில் வைத்து, கடுகளவு திருகு ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தான். முடி கொட்டியிருந்தது. கை மட்டும் அதே கைதான். நீளமான, அவசரமில்லாத இடது கை.

“கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?” என்றான், நிமிராமல். பிறகு நிமிர்ந்தான். “அட, நீங்களா! வாங்க, வாங்க. சனிக்கிழமைதான் பார்ப்போம்னு நெனச்சேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட எழுந்து வந்தான். இரண்டே எட்டுத்தான். வலது காலை ஊன்றும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பூட்டு அதைப் பார்க்காமல் இருக்க அலமாரியைப் பார்த்தான். அலமாரியின் கண்ணாடியிலும் அது தெரிந்தது.

“உட்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். அது தற்செயல் இல்ல.”

“எது?”

“உங்க கால். நான் வேணும்னுதான் பாதத்த வெச்சேன்.”

லென்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடக்கை போய் அதை நிறுத்திவிட்டு வந்தான்.

“யாரு வைக்கச் சொன்னது?”

அந்தக் கேள்வியை அவன் இப்படித்தான் கேட்டான். ‘ஏன்’ என்று கேட்டிருந்தால் பூட்டின் பதில் வேறாக இருந்திருக்குமோ என்னவோ. ஆனால் ‘யாரு’ என்று கேட்டான். பூட்டிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது.

“கோச். டைம் அவுட்ல என் தோளப் பிடிச்சுச் சொன்னார். ‘அவன இறங்க விடாத’ன்னு.”

இடக்கை முடுக்கிக்கொண்டிருந்த திருகாணி தரையில் விழுந்துவிட்டிருந்தது. அவன் அதைத் தேடக்கூட இல்லை.

“என் நேரம்னு நெனச்சேன்” என்றான் கடைசியில். “எங்க அம்மா அந்த ஷூவக் கொண்டுபோய் குப்பையில போட்டாங்க. ராசி கெட்ட ஷூவாம். நானும் ஷூவத் திட்டினேன், தரையத் திட்டினேன். அந்த ஆளு ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலையத் தடவிட்டுப் போனார், தெரியுமா உனக்கு? பழம் வாங்கிட்டு வந்து குடுத்தார்.” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. “சனிக்கிழமை உனக்கப்புறம் நான்தான பேசுறேன்? மேடையில வெச்சே கேக்குறேன். எல்லார் முன்னாடியும். நீ எழுந்து நின்னு ஆமான்னு சொல்லணும். சொல்லுவியா, இல்ல அப்பவும் தற்செயல்னு சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“சரி, போ.”

தெருவுக்கு வந்தபோது பூட்டுக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போலத்தான் இருந்தது. அந்த மூட்டையை எழுபத்தெட்டு வயதுக் கிழவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஏற்றினால் என்ன, அவருடைய மூட்டைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தான்.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. நர்ஸம்மா ஒரு ஸ்கூட்டரை உரசியபோதுகூட அவனுக்கு ஒரு விநாடி தாமதமாகத்தான் பிரேக் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதி அடித்திருந்தான். அதற்குக் கீழேயும் ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதி அடித்திருந்தான்.

மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்து பையை மாட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். “கோச்சப் பத்திப் பேச உங்களுக்கு ஒரு வார்த்தை கூடவா இல்ல? பதினோரு வருஷம் எனக்கு முன்னாடி அவருக்குத்தான வாழ்க்கைப்பட்டிருந்தீங்க?”

சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

“நீ நாளைக்கு வராத” என்றான்.

“ஏன்?”

“சும்மாத்தான் சொல்றேன்.”

சும்மா சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது என்று இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதா? “அப்ப கண்டிப்பா வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கே வரச்சொல்லிக் கேப்டன் கூப்பிட்டிருந்தான். இறுதிப் போட்டியின் பழைய வீடியோ டேப் ஒன்று கிடைத்துவிட்டதாம். அந்நாளில் உள்ளூர் கேபிள் சேனலுக்காகப் படம் பிடித்தவர் வீட்டுப் பரணில் இருந்ததாம். அதை மாற்றி எடுத்து விழாவில் பெரிய திரையில் போடப்போகிறார்கள். யார் யார் முகம் என்று பெயர் போட ஒரு கண் பார்க்கவேண்டும். பூட்டு மாடியில் இருந்த சின்ன அறைக்குப் போனான். வீடியோக்காரப் பெண் ஒருத்தி இரண்டு கணினித் திரைகளோடு உட்கார்ந்திருந்தாள். அறையின் சன்னல் வழியாகக் கீழே அரங்கம் முழுவதும் தெரிந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சத்தமும் இருக்கு சார், அதுதான் ஆச்சரியம்” என்றாள் அந்தப் பெண். “டைம் அவுட்ல மைக்க உள்ள நீட்டியிருக்காங்க. உங்க கோச் பேசுறது தெளிவாக் கேக்குது. ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க.”

இதைவிட என்ன வேண்டும்? இடக்கை கேட்பான், இவன் ஆமாம் என்று சொல்வான், நம்பாதவர்களுக்கு டேப் இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

திரையில் எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கேப்டனுக்குத் தலை நிறைய முடி. நடுவில் கோச், கழுத்தில் விசில். மூச்சிரைப்புகளுக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

“டேய் பூட்டு, அவன்கிட்ட ஒட்டாத. ரெண்டடி தள்ளியே நில்லு. உள்ள மட்டும் அவன இறங்க விடாத, புரியுதா? வெளியில இருந்து எவ்வளவு வேணாலும் போட்டுக்கட்டும். கை வலிச்சாத் தானா நிறுத்துவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். திரையில் இருந்த பூட்டும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

நாற்காலியில் இருந்த பூட்டு ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். “திரும்பப் போடும்மா.”

போட்டாள். “இன்னொரு தடவை.” போட்டாள். உள்ள மட்டும். உள்ள மட்டும். உள்ள மட்டும். கூடைக்குக் கீழே உள்ள கட்டத்துக்குள் நுழைய விடாதே என்று எந்தக் கோச்சும் எந்தத் தடுப்பாட்டக்காரனிடமும் சொல்கிற பேச்சு. அந்த ‘உள்ள’ என்ற ஒரு சொல் இருபத்திரண்டு வருடமாக எங்கே போயிருந்தது? யார் அதை எடுத்து ஒளித்து வைத்தது?

“அதுக்கப்புறமும் ஓட்டட்டுமா சார்?”

அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஓடியது. இடக்கை வெளியிலிருந்து ஒன்று போடுகிறான். திரும்பி ஓடும்போது பூட்டின் முகத்துக்கு நேரே இடது கையை நீட்டி, விரல்களைச் சேர்த்து, சாவியைத் திருகுவதுபோல் திருகிக் காட்டுகிறான். பூட்டைத் திறந்துவிட்டேன் என்கிறான். அரங்கமே எழுந்து நின்று சிரிக்கிறது. பூட்டின் காது சிவப்பது அந்த மங்கலான படத்திலும் தெரிகிறது. அடுத்த முறை இடக்கை எழும்பியபோது, கோர்ட்டில் இருக்கிற ஒன்பது பேரும் பந்தைப் பார்க்கிறார்கள். பூட்டு மட்டும் குனிந்து தரையைப் பார்க்கிறான். இடத்தைப் பார்த்து, பாதத்தை வைக்கிறான்.

அந்தச் சாவியை அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். இல்லை, மறந்ததாக ஆக்கியிருந்தான்.

கேப்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “எப்படிடா? கோச் ஜோக்கடிக்கிற அந்த இடத்தத்தான் முதல்ல போடப்போறோம். சனம் அப்படியே உருகிடும். கால் விழுற இடத்த வெட்டிடச் சொல்லிட்டேன், நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு?”

பூட்டு படியில் இறங்கினான். இறங்கினான் என்ன, ஓடினான். நாலே முக்கால். இடக்கையைப் பிடித்தாக வேண்டும்.

அரங்கத்துக்குள் ஆட்கள் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். இடக்கை முன்வரிசையில், கோச்சுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விறைப்பாக, முழங்கால்மேல் கைகளை வைத்து. கோச் சுருங்கிப்போய், பெரிய கோட்டுக்குள் சின்னப் பிள்ளைபோல் இருந்தார். காதில் மெஷின்.

“என் பூட்டு வந்துட்டான்” என்றார் உரக்க. காது கேட்காதவர்கள் பேசுவதுபோல. “இடக்கைக்குப் பக்கத்துல உன்ன உட்கார வைக்கக் கூடாது, பாவம் மூச்சு விட முடியாது அவனால!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூட்டு குனிந்து இடக்கையின் காதோடு சொன்னான்: “நான் புதன்கிழமை சொன்னது தப்பு. அவர் அப்படிச் சொல்லல. டேப்ல கேட்டேன். ஒரு நிமிஷம் வெளிய வா.”

இடக்கை தலையைத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “எவ்வளவு சீக்கிரம் பயந்துட்ட! கேப்டன் கூப்பிட்டு மிரட்டினானா?”

“இல்ல. சத்தியமா இல்ல. நீயே வந்து கேளு.”

“நீ சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நான் கேக்கத்தான் போறேன். இந்தாளு முகத்தப் பார்த்துக் கேக்கத்தான் போறேன்.”

அதற்குமேல் பேச விடவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ பூட்டின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். கோச்சையும் இடக்கையையும் அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் பேசினான். என்ன பேசினான் என்று பூட்டின் காதில் விழவில்லை. அவனுக்குள் ஒரே கணக்கு. இவன் முடித்ததும் நான். நான் முடித்ததும் இடக்கை. அவன் வாயைத் திறந்தால் கிழவர் தொலைந்தார். நடுவில் இருப்பது ஐந்து நிமிடம். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றிருக்கிறான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் போய் நின்றான். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தான், அதில் ‘மதிப்பிற்குரிய’ என்று இரண்டு முறை அடித்து வைத்திருந்தது. திரும்பப் பையில் வைத்தான்.

“இந்தக் கோப்பைய நாம ஜெயிச்சது எப்படின்னு நான் சொல்லணும்” என்றான். “இடக்கைக்குக் கால் உடைஞ்சது தற்செயல் இல்ல. அவர் இறங்குற இடத்துல நான்தான் கால வெச்சேன். தெரிஞ்சுதான் வெச்சேன். கோச் சொல்லித்தான் வெச்சேன்னு இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணு நாள் முன்னாடி இடக்கைகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். யாரும் சொல்லல. அவர் என் முகத்துக்கு நேரா சாவி திருகிக் காட்டினார், நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. எனக்குத் தாங்கல. அவ்வளவுதான். வேற காரணம் இல்ல.”

கேப்டன் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். பூட்டு இடக்கையின் பக்கம் திரும்பத் துணியவில்லை.

கோச்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்ன சொன்னான்?”

கேப்டன் பாய்ந்து போய் அவர் காதில் குனிந்தான். “நன்றி சொன்னான் கோச். உங்களுக்கு நன்றி சொன்னான்.”

கோச் முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்து முகங்களைப் படித்தவர். “நன்றி சொன்னா இவங்க ஏன் சாவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்காங்க? நீ தள்ளு. டேய் பூட்டு, இங்க வா. இந்தக் காதுல சொல்லு. இதுதான் கொஞ்சம் கேக்கும்.”

மைக் முன்னால் ஊருக்குச் சொல்வது ஒன்று. இது வேறு. பூட்டு மண்டியிட்டு அவர் காதருகே வாயைக் கொண்டுபோனான். மெதுவாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார், கேட்கவில்லை. மறுபடி சொன்னான். கேட்கவில்லை. கடைசியில் கத்தினான்.

“நான் வேணும்னே கால வெச்சேன் கோச்! உங்க மேல பழியப் போட்டேன்!”

கோச் பூட்டைத் தாண்டி இடக்கையைப் பார்த்தார். அவருக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. அதனால் பேசியதெல்லாம் அரங்கத்துக்கே கேட்டது.

“நான் பார்த்தேன்ப்பா. இவன் தரையப் பார்த்ததப் பார்த்தேன். கேக்கணும்னு நெனச்சேன். ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது, ஜெயிச்சுட்டோம். அப்புறம் கேக்கல. கேட்டா இவன் சொல்லிடுவான்னு கேக்கல. உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, அது கூட அதனாலதான்.”

இடக்கை எழுந்தான். அவன் முறை வந்துவிட்டது என்று நினைத்து யாரோ மைக்கை அவன் பக்கம் திருப்பினார்கள். அவன் மைக்கைப் பார்த்தான், திரை போட்ட பெயர்ப்பலகையைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான். மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு முழுக்க அவன் வாயில் இருந்திருக்கும். ஆனால் மேடைப் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான். அத்தனை பேரும் அந்த நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையைக் கேப்டனே விலக்கினான். ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். வீடியோ போடவில்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் மனைவி, “எனக்காவது சொல்லியிருக்கலாம்” என்றாள். “அந்த முழங்கைகளையெல்லாம் எவ்வளவு ஆசையா ஒட்டினேன்.” அதற்குப் பிறகு அவள் பேசவும் இல்லை, அழவும் இல்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாலைந்து நாள் சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அதுவும் மெல்ல வந்தது.

அணியின் பழைய ஆட்கள் சேர்ந்து வைத்திருந்த போன் குழுவிலிருந்து திங்கட்கிழமை அவனைத் தூக்கிவிட்டார்கள். பேருந்தில் இவன் தோள்மேல் தூங்கியவர்கள், இவன் வீங்கிய விரல்களுக்கு ஐஸ் பிடித்துவிட்டவர்கள். ஒருவன் மட்டும் ‘எங்க கோப்பையையும் சேத்து அசிங்கப்படுத்திட்டியேடா’ என்று தனியாக எழுதினான். அவன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கோச் மட்டும் ஒருமுறை போன் செய்தார். அவர் பேசியது இவனுக்குக் கேட்டது, இவன் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. “சரிடா, இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இடக்கையிடமிருந்து மூன்று வாரம் கழித்து ஒரு செய்தி வந்தது. ‘உன்னப் பார்க்க எனக்கு விருப்பமில்ல. ஆனா அந்த டேப் வேணும். வெட்டாதது.’

கேப்டனிடம் கேட்டான், கேப்டன் போனை வைத்துவிட்டான். வீடியோக்காரப் பெண்ணைத் தேடிப் போனான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொடுத்தாள். மறுநாள் மதியம் கடைக்குப் போனான்.

இடக்கை கல்லாவுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினான். பூட்டு கொடுத்தான்.

“முழுசா இருக்கா?”

“முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்கு. அந்த இடமும் இருக்கு.”

“அந்த இடம் எனக்கெதுக்கு? அத நான் தினமும்தான் பார்க்குறேன்.” பென் டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். “நான் ஆடி நான் பார்த்ததில்ல. எங்க வீட்ல என் பொண்ணும் பார்த்ததில்ல. அப்பா ஏதோ விளையாடுவாராம்னு சொல்லுவா.” அதைக் கல்லா மேலிருந்த கணினியில் செருகினான். “முப்பத்தொண்ணா, முப்பத்தி மூணா?”

“கடைசியா போட்டதும் உள்ள விழுந்துச்சு. அதையும் சேத்து முப்பத்தஞ்சு.”

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. நான் பக்கத்துலதான இருந்தேன்.”

இடக்கை அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை, பூட்டு அதை எதிர்பார்த்துப் போகவும் இல்லை. “சரி, கிளம்பு. கஸ்டமர் வர்ற நேரம்” என்று சொல்லிவிட்டு இடக்கை கணினிப் பக்கம் திரும்பினான்.

பூட்டு தெருவுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தான். கடைக் கண்ணாடி வழியாக உள்ளே திரை தெரிந்தது. ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இடக்கை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவர் உள்ளே போய்க் கல்லா முன்னால் காத்து நின்றார். அவன் அவரைக் கவனிக்கவேயில்லை. திரையில் யாரோ பந்தை அவனுக்கு எறிந்திருக்க வேண்டும், அவன் இடது கை மேசையை விட்டு எழுந்து, மணிக்கட்டு மெல்ல மடங்கி, அந்தரத்தில் நின்றது.

மூன்று மணிப் பாடத்துக்கு நேரமாகிவிட்டது. பூட்டு காரை எடுத்தான்.